கடைசி ஆளின் காது

ரஞ்சிதா கையைத் தூக்கினால்தான் நடை கிளம்பும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றைச் சுற்றிப் பார்க்க வந்த முப்பது பேரில் நானும் ஒருவன். பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதப் போயிருந்தேன். தலையில் ஹெல்மெட், கழுத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ரிசீவர், காதில் இயர்போன் என்று நின்றிருந்தோம். விளக்கம் சொல்லவேண்டிய மேஸ்திரி பச்சமுத்து, சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு முன்னால் நின்றார். ரஞ்சிதாவோ எங்களைத் தாண்டிப் போய், வரிசையின் கடைசியில், தகரம் தட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பச்சமுத்து மெல்ல வணக்கம் சொன்னார். அந்த இடியோசைக்கு நடுவிலிருந்து வலக்கை ஒன்று உயர்ந்தது. அதற்குப் பிறகுதான் நகர்ந்தோம்.

ரஞ்சிதா சேந்தமங்கலத்துக்காரர். முப்பத்தெட்டு வயது. அறுபது ரிசீவர்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய் வாடகைக்கு விடுவதுதான் தொழில். பட்டறை, நூற்பாலை, ஜவ்வரிசி ஆலை, கொல்லிமலை மிளகுத் தோட்டம் என்று ஒருவர் பேசி முப்பது பேர் கேட்கவேண்டிய இடமெல்லாம் அவர் எல்லை. ஒவ்வொரு ரிசீவரிலும் நகப்பாலிஷால் எண் எழுதியிருக்கிறார். இருபத்தேழாம் எண்ணை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதே இல்லை. அது பேட்டரி தளர்ந்த கிழடு. அதைத்தான் தன் காதில் மாட்டிக்கொள்கிறார்.

“இதுல கேட்டுச்சுன்னா எல்லாத்துலயும் கேக்குமுங்க” என்கிறார்.

அவர் கணவர் அப்புசாமி, விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் ரேடியோ செட் வைத்திருப்பவர். கோயில் நோம்பி நாளில் அவர் கட்டும் குழாய் ஸ்பீக்கர் மூன்று ஊருக்குக் கேட்கும். அப்படிப்பட்டவருக்கு மனைவியின் தொழிலைப் பார்த்தால் சிரிப்பு. நான் ஊருக்கே சொல்கிறேன், இவள் காதுக்குள் கோள் சொல்லிக் காசு வாங்குகிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கேலி பேசுவார். ஆனால் ரிசீவரில் ஒயர் விட்டுப்போனால் பற்றவைத்துக் கொடுப்பது அவர்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வாராம்.

பச்சமுத்துவை வழிக்குக் கொண்டுவர ரஞ்சிதாவுக்கு ஒரு மாதம் பிடித்தது. இருபது வருடமாகச் சுத்தியல் சத்தத்தை மீறிக் கத்தியே பழகிய தொண்டை. முதல் நாள் மைக்கை வைத்துக்கொண்டும் கத்தினார். முப்பது பேரும் ஒரே நேரத்தில் இயர்போனைப் பிடுங்கினார்கள். ஊட்டில் பேசுகிற மாதிரி பேசுங்கண்ணா என்று ரஞ்சிதா சொல்ல, ஊட்டிலும் இப்படித்தான் என்று அவர் பரிதாபமாகச் சொன்னாராம். இப்போது சேஸிஸ் மேல் குறுக்குச் சட்டம் ஏறுவதை அவர் சொல்லக் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கிற சுகம்.

புது ஆள் வாடகைக்குக் கேட்டு வந்தால் ரஞ்சிதா மூன்று கேள்வி கேட்பார். மாதத்தில் எத்தனை நாள் வேண்டும்? ஒரு தடவைக்கு எத்தனை பேர்? மூன்றாவதில்தான் எல்லாரும் விழிப்பார்கள்: தினமும் துடைத்து, சார்ஜ் போட்டு வைக்க ஆள் உண்டா? ஒரு கல்லூரியில் ஆசையாக நாற்பது செட் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த வருடம் திறந்தபோது அத்தனை பேட்டரியும் உப்பிக் கிடந்தது. இப்போது அவர்களும் ரஞ்சிதாவிடம்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

நான் போன அன்று, சுற்றி முடித்ததும் பட்டறை முதலாளி எங்கள் இருவரையும் டீ குடிக்கக் கூப்பிட்டார். இனிமேல் வாரத்துக்கு நாலு நாள் ஆட்கள் வரப்போகிறார்கள், வாடகைக்கே எடுக்கலாமா, சொந்தமாக வாங்கிவிடலாமா என்று ரஞ்சிதாவிடமே கேட்டார்.

“நீயே சொல்லு சாமி” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரஞ்சிதாவுக்கு மாதத்தில் பாதிக்குமேல் வேலை கொடுப்பது இந்தப் பட்டறை. இதை நம்பித்தான் இன்னும் முப்பது செட் வாங்கப் போவதாகக் காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். பேட்டரி உப்பும் கதையை மட்டும் எடுத்துவிட்டால் போதும், முதலாளி பயந்து வாடகையோடு நின்றுவிடுவார். ரஞ்சிதா டீயை ஆற்றிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார். அலுவலகத்தில் வேலை பார்க்கும் சரிதா, யாரும் சொல்லாமலே, முப்பது இயர்போன்களையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து எண் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்கிப்போடுங்க. வாரத்துக்கு நாலு நாளுன்னா உங்களுக்கு வாடகை கட்டுப்படியாகாதுங்க. வெச்சுப் பாத்துக்கறதுக்குத்தான் சரிதா இருக்குதே” என்றார்.

ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கயிற்றை இறுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“கேட்டாரு, சொன்னனுங்க. வவுறு எரியாம இல்லீங்க. ஆனா பொய்யச் சொல்லிப்போட்டு அந்தப் புள்ள மூஞ்சில எப்படீங்க முழிக்கறது?”

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன். அன்று வீடு திரும்பும்வரை அந்த நினைப்பு என்னை விடவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புகைப்படம் எடுக்க மறுபடி போனேன். பட்டறையின் சொந்த செட் வந்திருந்தது. முதல் நாள் மட்டும் கூட இருந்து பார்த்துக் கொடுக்கும்படி சரிதா கூப்பிட்டிருந்ததால் ரஞ்சிதாவும் வந்திருந்தார். வெளியே அவர் ஸ்கூட்டரில் பெட்டி இல்லை. கயிறு மட்டும் சுருட்டித் தொங்கியது. வேறு ஆலைகளுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருப்பதாகவும் இன்னும் ஒன்றும் அமையவில்லை என்றும் சொன்னார். புது முப்பது செட் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டார்.

சரிதா எல்லாருக்கும் ரிசீவரைக் கொடுத்து முடித்தார். பச்சமுத்து மைக்கைக் குத்திக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டு, மேலே பேசாமல் எங்கள் தலைகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தேன். எல்லா ரிசீவரும் புதுசு, காதில் மாட்டிச் சோதிக்கக் கிழடு ஒன்றும் இல்லை. அதனால் ரஞ்சிதா வழக்கமான இடத்தையும் தாண்டி, இன்னும் பத்தடி பின்னால், வெல்டிங் பொறி தெறிக்கிற இடம்வரை போயிருந்தார். இயர்போனைக் காதோடு அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கையைத் தூக்கினார்.