மாலா ஆன்ட்டி மன்னிக்கவில்லை

இல்லை, அவர் யாரையும் மன்னிக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

செய்தி நம் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் வந்தது. காலைப் பேருந்தில் இருந்தேன். பொன்னாடை போர்த்திய அவர் படம். கீழே ‘மன்னிப்பின் திருவுருவம் மறைந்தது.’ அதற்கும் கீழே கூப்பிய கைகள், வரிசையாக. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மவுண்ட் ரோஸ்கில்லில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. போலந்து யூதர். மாலா என்பது பெற்றோர் வைத்த பெயர். “நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி பேரு!” என்று அம்மா பூரித்தாள். குடிவந்த வாரமே வேலிக்கு மேல் எட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் உரக்கச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“என்னடி இது, சாப்பிடக் கூப்பிட்டா கோச்சுக்கிறாங்க?”

காரணம் பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் அம்மா கூப்பிடவே இல்லை. தட்டை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து விடுவாள். அவராக வருவார். அவராக எடுத்துப் போட்டுக்கொள்வார். “உன் அம்மா நல்ல சமையல்காரி அல்ல. ஆனால் மரியாதை தெரிந்தவள்” என்பார்.

போரில் இறந்த நம்மவர்களை நினைவுகூரும் கூட்டத்துக்கு அவரை அழைத்தீர்கள். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். அவர் சொல்லி நீங்கள் கேட்டது இது:

“எனக்குப் பதினேழு வயது. அம்மா, அப்பா, தம்பி மூவரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. ஒரு விவசாயி என்னைப் பன்றிக் கொட்டிலின் தரைக்கு அடியில் ஒளித்து வைத்தான். இரண்டு குளிர்காலம். பன்றிகளின் வாளியில்தான் எனக்கும் உணவு. பன்றிகளைக் கூப்பிடும் அதே சத்தத்தில் என்னையும் கூப்பிடுவான். நான் தவழ்ந்து வருவதைப் பார்த்துச் சிரிப்பான். அவன் என்னைக் காப்பாற்றினான். அதை ரசிக்கவும் செய்தான். இரண்டையும் சொல்லுங்கள்.”

சங்கத் தலைவர் என் பக்கம் சாய்ந்தார்.

“பிள்ளை, சாப்பாடு போட்டவனைப் பற்றி இப்பிடிக் கதைக்கலாமோ? மன்னிச்சிட்டன் எண்டு சொல்லி முடிக்கச் சொல்லும்.”

“அவங்க மன்னிக்கலையே, அங்கிள்.”

“ஓம், தெரியும். சனத்துக்கு ஒரு ஆறுதல் வேணுமெல்லோ?”

பேச்சாளரை நிறுத்த நம்மிடம் ஒரு வழி உண்டு. மாலா ஆன்ட்டி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோது பொன்னாடை வந்தது. இரண்டு பேர் போர்த்தினார்கள். கைதட்டல். ஒலிவாங்கி அணைந்தது. ஒருவர் படம் எடுத்தார். அந்தப் படம்தான் இப்போது சுற்றுகிறது.

சுவரில் நம் இறந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள், மாலையோடு. அவர்களைக் கொன்றவர்களை மன்னிக்கச் சொல்லி யாராவது அந்த மேடையில் கேட்டிருந்தால் நாற்காலி பறந்திருக்கும். அவரிடம் மட்டும் கேட்டோம். கிடைக்காததை அவர் இறந்தபின் எடுத்துக்கொண்டோம். அருவருப்பாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: இரண்டையும் சொல்லுங்கள்.

படத்தில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் கைகளைத் தட்டி, “எல்லாரும் சாப்பிட வாங்கோ!” என்று கூப்பிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. மாலா ஆன்ட்டி பொன்னாடையைக் கழற்றினார். மடித்து நாற்காலியில் வைத்தார். நின்றுபோன வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்கினார்.