மாமா தண்ணீர் விட்ட செடி

எங்கள் மாமிக்குச் செடி வளர்க்கத் தெரியும் என்று மட்டும் சொன்னால் போதாது. குலசேகரத்தில் மழை எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது நிற்கும் என்றுதான் கேட்பார்கள். அந்த ஊரில், தண்ணீர் கொஞ்சம் கூடினாலே அழுகிப்போகும் மணிச்செடியை வளர்த்தவர் அவர். பச்சைப் பட்டாணியைக் கோர்த்த மாதிரி சரம் சரமாகத் தொங்கும் செடி. குழித்துறை நர்சரியில் விரல் நீளத்துக்கு வாங்கி வந்தது, இரண்டே வருடத்தில் வராந்தாக் கம்பியிலிருந்து இறங்கி என் தலையைத் தொட்டது.

ரப்பர் பால் பிடிக்கும் தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட்டு, ஆற்றுமணலும் அடுப்புக்கரியும் கலந்து அதை நட்டிருந்தார். மழை சாய்ந்து அடித்தால் உள்ளே கொண்டு மாட்டுவார். வெயில் தலைகாட்டியதும் மறுபடி வெளியே. தண்ணீர் விடும் முன் ஒரு மணியை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் ஒரு சொட்டு கிடையாது, தொளதொளத்திருந்தால்தான் உண்டு. ஒருமுறை நான் சொம்போடு பக்கத்தில் போனதற்கே, "ஏட்டி, அதக் கொல்லவா பாக்குத?" என்று தெருவே கேட்கக் கத்தினார். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் எனக்கு அவரைப் போல ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது.

மாமாவுக்கு கல்ஃபில் வேலை. அந்த ஆனியில் ஒரு மாத லீவில் வந்தார். மறுநாள் காலையிலேயே வாளியும் கையுமாக வராந்தாவுக்கு வந்துவிட்டார். அங்கே மணலையே பார்த்துக் கிடந்தவர், பச்சையைக் கண்டால் விடுவாரா? சிரட்டை வழிய வழிய ஊற்றினார். நான் அடுக்களைக்கு ஓடினேன்.

"மாமி! மாமா செடிக்குத் தண்ணி விடுதாரு!"

தேங்காய் திருவிக்கொண்டிருந்த மாமியின் கை சற்று நின்றது. "விட்டுட்டுப் போட்டும் மக்கா" என்றார். அவ்வளவுதான்.

மாமா தினமும் விட்டார். "பாத்தியா மக்கா, என்னக் கண்டதும் செடிக்கு ஒரு தெளிச்சம்" என்று என்னிடம் பெருமை வேறு. மணிகள் ஊதி, நிறம் வெளுத்து, தொட்டால் உதிர ஆரம்பித்தன. உதிர்ந்ததையெல்லாம் மாமா எழுந்திருக்கும் முன்பே மாமி பெருக்கி அள்ளிவிடுவார். மாமா விமானம் ஏறிய அன்று பாதிச் செடிதான் மிச்சம். அடுத்த வாரம் அதுவும் போயிற்று. நான் அழுதேன்.

மாமி அழவில்லை. கோழிக்கூட்டுக்கு மேலே, தகரத்தின் நிழலில் இருந்த மூன்று சிரட்டைகளை எடுத்து வந்தார். மாமா முதல் வாளி ஊற்றிய அன்றே நுனிகளைக் கிள்ளி மணலில் பதித்து வைத்திருக்கிறார்! எல்லாம் வேர் பிடித்திருந்தன. நன்றாக வந்த ஒன்றை அதே கம்பியில் மாட்டினார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

கொஞ்ச நாள் கழித்து மாமா வீடியோ காலில், "எஞ்செடி எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். மாமி போனை அந்தச் சின்னச் சரத்தின் பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் வெட்டிவிட்டேன். நீங்க தண்ணி விட்டுட்டுப் போனதுல்லா, நல்லா துளுக்குது."

மாமா சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! ஒரு சொம்புக்கு என்னை அந்தப் பாடு படுத்தியவர், வாளி வாளியாக ஊற்றியவரிடம் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வருடத்தில் ஒரு மாதம் மட்டும் சொந்த வீட்டில் இருக்கக் கிடைத்த மனிதரிடம், இங்கே உங்கள் கைபட்டது கெட்டுப்போயிற்று என்று சொல்ல மாமிக்கு வாய் வரவில்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.