கேட்டுக்கு வெளியே ஒரு பாட்டு

அன்று சனிக்கிழமை. சபை மண்டபத்தில் அரிசி வந்து இறங்கிவிட்டது, எண்ணெய் வந்துவிட்டது, மைலோ மாவு வந்துவிட்டது. சுந்தரி அண்ணி மட்டும் வரவில்லை. கிறிஸ்துமஸ் பொட்டலம் கட்டுகிற நாளில் அவர் பிந்தி வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. “உங்க அண்ணி எங்க?” என்று ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். ரஹாங்கில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள், என்னைத்தான் கேட்பார்கள். ஆனாலும் எனக்கு எரிச்சல் வந்தது. “எனக்கென்ன தெரியும்? காலையிலேயே கடைக்குப் போறேன்னு கிளம்பிட்டாங்க. எங்க நின்னு வாயடிச்சிக்கிட்டு இருக்காங்களோ” என்று சொல்லி வாய் மூடவில்லை, கைப்பேசி அடித்தது. கடைக்காரர் பேசினார். அண்ணி கடையிலேயே மயங்கி விழுந்துவிட்டாராம், ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாயடிக்கிறார் என்று நான் சொன்ன நேரத்தில் அவருக்கு மூச்சு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சபையில் உங்கள் எல்லோருக்கும் அவர் சுந்தரி அக்கா. எனக்கு அண்ணி. என் அண்ணன் சாமுவேலைக் கட்டிக்கொண்டு, ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்துக்கு வந்தவர். பிறந்து வளர்ந்தது கெமாஸில், தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில். வந்த முதல் வாரமே எங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு நாலு வீடு தள்ளி இருந்தவர்களோடு பேசினார். எனக்குக் காது வலித்தது. “ஏன் அண்ணி, மெதுவாப் பேசினா வாய் சுளுக்கிக்குமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “ரயில் போறப்பல்லாம் பேச்ச நிறுத்தினா எங்க வீட்டுல ஒருத்தரும் ஒரு சேதியச் சொல்லி முடிச்சிருக்க முடியாது, ஹெலன்” என்று சிரித்தார். அந்தத் தொண்டையைச் சகித்துக்கொண்டு நான் பாதி ஆயுளை ஓட்டியிருக்கிறேன். இப்போது வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது. இத்தனை வருஷம் அது சத்தம் போடும் என்றே எனக்குத் தெரியாது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எஸ்டேட் ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்றவள். தோட்டத்தை விட்டு ரஹாங்குக்கு வந்தபோது அண்ணனும் அண்ணியும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். டிசம்பர் பிறந்தால் அண்ணியும் நானும் அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டே சண்டை போடுவோம். எனக்கு இனிப்புக் குறைவாக வேண்டும், அவருக்கு அள்ளிப் போட வேண்டும். “நீ உன் வாய்க்குச் சுடுற. நான் வர்றவங்க வாய்க்குச் சுடுறேன்” என்பார். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் கோழிப் பிரட்டலும் நெய்ச்சோறும் இருக்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுகிறவர், அவர் முதற்கொண்டு எங்கள் தெருவில் சாப்பிடாமல் தப்பித்தவர் யாருமில்லை.

பொட்டலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அண்ணி என்னை மன்னிக்க மாட்டார். தோட்டங்களில் இன்னும் தங்கிவிட்ட வயதானவர்களுக்கு நம் சபை ஒவ்வொரு டிசம்பரும் சாமான் கட்டிக் கொடுக்கிறது. அதில் அண்ணி தன் பங்குக்கு ஏதாவது வேண்டாத பொருள் ஒன்றை நுழைத்துவிடுவார். ஒரு வருஷம் ரோஸ் பவுடர், இன்னொரு வருஷம் செண்ட் பாட்டில். அதற்குப் பதிலாகக் கூட ஒரு பால் டின் வைக்கலாமே என்று கமிட்டியில் கேட்டார்கள். நானும்தான் கேட்டேன். “அரிசியும் எண்ணெயும் பசிக்குக் குடுக்கிறது லா. பண்டிகைக்குன்னு குடுத்தா எதுக்கும் உதவாதது ஒண்ணு உள்ள இருக்கணும். அப்பத்தான் நம்மள நெனச்சிருக்காங்கன்னு தெரியும்” என்றார். செண்ட் கொடுத்த வருஷம் அதை வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர், தனியாக இருப்பவர். மறு வருஷம் வேன் போனபோது அவர் ரோட்டோரத்திலேயே நின்றாராம், செண்ட் மணக்க மணக்க. “இன்னுமா தீரல?” என்று அண்ணி கேட்டதற்கு, “நீங்க வர்ற அன்னிக்கு மட்டுந்தாம்மா போட்டுக்கிறது” என்றாராம். அதற்குப் பிறகு கமிட்டியில் யாரும் பால் டின் பேச்சை எடுக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் இறந்தது நவம்பர் மாதத்தில். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் தொங்காது, பலகாரம் கிடையாது, கேரல் குழுவும் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடும். மரியாதைக்காகத்தான் அப்படி. அந்த டிசம்பரில் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், நம் சபை வேன் எங்கள் தெருவுக்குள் வந்தது. பாட்டும் மேளமும் தெருமுனையிலிருந்தே கேட்டன. எங்கள் வீட்டை நெருங்கியதும் மேளம் நின்றது. வேன் மெல்ல ஊர்ந்தது, உள்ளே யாரோ “உஷ்” என்றது எனக்குக் கேட்டது. ரெண்டு வீடு தள்ளிப் போனதும் மறுபடி மேளம் அடித்தார்கள். பரவாயில்லையே, பிள்ளைகள் ஒழுங்காக வளர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அடுப்படி வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் தட்டு, தட்டு நிறையச் சூடான மைலோ கப்புகள்.

“போயிட்டாங்களா?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணி. மரியாதை தெரிஞ்ச பிள்ளைங்க.”

“மரியாதையா?” என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு ஒரு கப்பைக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றை எடுத்து வைத்தார். மீதியை அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஆண்டவர் யாருக்குப் பொறந்தாராம், ஹெலன்? சிரிச்சிக்கிட்டு இருக்கிறவங்க வீட்டுக்கு மட்டுந்தானா?” என்று கேட்டார். நான் மைலோவைக் குடித்தேன்.

மறு வருஷம் அண்ணி கேரல் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு சட்டமும் போட்டார். முதலில் துக்க வீடுகள், அப்புறம்தான் மற்ற வீடுகள். துக்க வீட்டில் மேளம் கூடாது. கேட்டுக்கு வெளியே நின்று ஒரே ஒரு பாட்டு, கையில் ஒரு பொட்டலம். “உள்ள லைட்டப் போட்டா போங்க. போடலன்னா கூப்பிடாதீங்க, மணி அடிக்காதீங்க. பொட்டலத்த வெச்சிட்டுத் திரும்புங்க. அடுத்த வருசமும் போய் நில்லுங்க.” வேன் ஓட்டுகிற நம் டேவிட்டுக்கு இது மனப்பாடம். எனக்கோ சுத்தமாகப் பிடிக்கவில்லை. “செத்த வீட்டு வாசல்ல போய்ப் பாட்டா? வெக்கமா இல்ல? எவனாவது தண்ணியத் தூக்கி ஊத்தப் போறான்” என்று டேவிட் முன்னாலேயே கத்தினேன். “ஊத்தட்டுமே. டிசம்பர் மழையில அது தனியாவா தெரியப்போவுது?” என்றார் அண்ணி. அந்தச் சண்டை எங்களுக்குள் வருஷா வருஷம் நடந்தது.

கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். “நீயும் வாயேன், ஹெலன்.”

“எனக்குப் பாட வராது அண்ணி.”

“பாட ஆளு இருக்கு. நீ சும்மா வந்து நில்லு, போதும்.”

முட்டி வலி என்பேன். மழை என்பேன். டிவியில் நாடகம் என்றுகூட ஒரு வருஷம் சொன்னேன். பக்கத்து இருக்கையில் வைத்திருக்கும் தன் கைப்பையைக் கடைசி நிமிஷம் வரை எடுக்க மாட்டார். நான் வீட்டுக்குள் திரும்பிய பிறகுதான் கதவைச் சாத்துவார். ஒரே ஒரு தடவை போயிருக்கலாம். அந்த இருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரந்தாவ் வரைக்கும் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே போயிருக்கலாம். இப்போது எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

அடக்க ஆராதனைக்கு ஓர் அம்மா வந்திருந்தார். நெற்றியில் திருநீறு, பஸ் பிடித்து வந்த களைப்பு. யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். ரந்தாவ் பக்கத் தோட்டம் என்றார். “எங்க பையன் மோட்டர்ல அடிபட்டுச் செத்துட்டான்கா. அந்தத் தீபாவளிக்கு எங்க லயத்துல ஒருத்தரும் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. பலகாரத்தக் குடுத்தனுப்பினாங்க, ஆளு வரல. நானும் அவரும் கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தோம். உங்க பெருநாளுக்கு முன்ன வாசல்ல பாட்டுச் சத்தம். எங்க சாமி பாட்டு இல்ல. ஆனா எங்க வீட்டுக்கு வந்தாங்கல்ல?”

“லைட்டப் போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அந்த வருசம் கையி போவல. அடுத்த வருசமும் வந்தாங்க, அப்பத்தான் போட்டேன். உங்க அண்ணி உள்ள வந்தாங்க. ஒண்ணுமே பேசல. என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க.”

“எங்க அண்ணியா? பேசாமயா?” என்றேன். என்னையறியாமல் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அந்த அம்மா தலையாட்டினார். ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும், பேசாத சுந்தரி அண்ணியை நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மா மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அண்ணி வாங்கப் போன சாமானை அந்த வாரமே கடைக்காரர் சபைக்குக் கொண்டு வந்து கொடுத்தார். சோப்பு நுரை ஊதுகிற சின்னப் பாட்டில்கள். எல்லாப் பொட்டலத்திலும் ஒவ்வொன்று வைத்தோம். அந்தப் பழைய மண்டோர் தன் வீட்டு முன்னால் நின்று நுரை ஊதுகிற படத்தை டேவிட் எனக்கு அனுப்பினான்.

அண்ணியின் மகள் ஜெனிபர் ஜொகூரிலிருந்து வந்து காரியங்களை முடித்தாள். அண்ணி ஏற்கெனவே தொங்கவிட்டிருந்த நட்சத்திரத்தைக் கழற்றி உள்ளே வைத்தாள். “இந்த வருஷம் நமக்குக் கிறிஸ்துமஸ் வேணாம் அத்தை. நான் வரல” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நானும் சரி என்றேன். ஆனால் சபை வாட்ஸ்அப்பில், கேரல் குழு ரஹாங்குக்கு வருகிற நாளைப் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் ஒரு பெரிய சட்டி மைலோ கலக்கினேன். விளக்கைப் போடாமல் ஹாலில் உட்கார்ந்தேன். துக்க வீடுகளுக்கு முதலில் வருவார்கள், அண்ணியின் சட்டம் அது, அண்ணியின் வீட்டுக்கு வராமல் போவார்களா?

தெருமுனையில் மேளம் கேட்டது. பிறகு நின்றது. வேன் வந்தது. எங்கள் கேட்டருகே மெதுவாக ஊர்ந்தது. உள்ளே யாரோ “உஷ்” என்றார்கள். வேன் தாண்டிப் போனது.

டேவிட்டைக் குறை சொல்ல மாட்டேன். “செத்த வீட்டுல பாட்டான்னு நீங்கதானே ஆன்ட்டி வருசா வருசம் ஏசுவீங்க” என்று பிறகு சொன்னான். அது உண்மைதான். அந்த நிமிஷத்தில் எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. முட்டி வலி எங்கே போனதோ, வெறுங்காலோடு கேட்டுக்கு ஓடினேன். “டேய் டேவிட்! நில்லுங்கடா! எங்க அண்ணி போயிட்டாங்க, நான் இங்க இருக்கேன்டா!” என்று கத்தினேன். மாக்சிக் வீட்டு ஜன்னல் திறந்தது. அந்தத் தொண்டை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கெமாஸ் ரயிலே நின்றிருக்கும். வேன் நின்றது.

பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். மேளத்தை வேனிலேயே வைத்துவிட்டார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி இருட்டில் உட்கார்ந்தேன். சட்டம் சட்டம்தானே. கேட்டுக்கு வெளியே நின்று ஒரே ஒரு பாட்டுப் பாடினார்கள். அண்ணி இல்லாமல் சுருதி சேரவில்லை. அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. பாட்டு முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை, மணி அடிக்கவில்லை. செருப்புச் சத்தம் திரும்பத் தொடங்கியபோது எழுந்து லைட்டைப் போட்டேன்.

எல்லோரும் வந்து மைலோ குடித்தார்கள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை, நல்ல பிள்ளைகள். டேவிட் கப்புகளைக் கழுவினான். “அடுத்து எங்கடா?” என்று கேட்டேன். ரந்தாவ் பக்கம், போன மாதம் தகப்பன் தவறிய வீடு என்றான். “முதல்ல அங்க போயிருக்கணும்” என்று ஏசிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன். வேனில் அண்ணியின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஜெனிபருக்குப் போன் போட்டேன். “நட்சத்திரம் வேணாம், பலகாரம் வேணாம். ஆனா நீ வா. கோழி வாங்கி வெக்கிறேன்” என்றேன். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பிள்ளைகளோடு வந்தாள். புறப்படும்போது அண்ணியின் சேலைகளை எடுத்துக்கொண்டாள். முறுக்கு அச்சை மாக்சிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணி எனக்கென்று வருஷா வருஷம் எடுத்து வைத்து நான் வாங்காமல் விட்டது அந்த இருக்கை ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொண்டேன்.

வேனில் ஏறிப் போன அந்த ராத்திரி, ரந்தாவ் வீட்டில் விளக்கு எரியவில்லை. எனக்குப் பாட வரவில்லை, கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த வருஷமும் போய் நிற்கிறேன், அண்ணி.