வேகத்தைக் குறைக்கும் குமிழ்

ஏறி நின்று போவதற்காக நானே செய்த சக்கரப் பலகை இன்று காலை ஓடியது.

களம்பூர் லாரி ஒன்றில் கழித்துப் போட்ட வைப்பர் மோட்டார், பழைய பேட்டரி, நான்கு பேரிங் சக்கரங்கள். விழுந்துவிடக் கூடாதே என்று, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் டிரான்சிஸ்டர் வைத்து ஒரு குமிழையும் நானே பற்றவைத்திருந்தேன்.

சேவூர் வரை போய்வர ஆசை. பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்திய பிறகு நான் தெருமுனையைத் தாண்டுவதே அபூர்வம்.

நான்கு வீடு தாண்டுவதற்குள் எதிர்வீட்டு அத்தை கத்தினாள்.

"அண்ணே, வந்து பாரு! உம் பொண்ணு கட்டமேல நின்னுகினு ஊர்கோலம் போவுது!"

நைனா தறியை விட்டு ஓடி வந்தார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து குமிழைத் திருகிப் பார்த்தார்.

"மெதுவாவும் சுத்துமா?"

"சுத்தும் நைனா."

"அப்போ நூலு சுத்துனா பட்டு இழ அறுந்து பூடாது! இன்னா மூள எம் பொண்ணுக்கு!"

அவர் என்னைப் புகழ்ந்தது இதுதான் முதல் முறை. புகழ்ந்துகொண்டே மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றி, தறிக்கு நான் நூல் சுற்றும் ராட்டையில் பொருத்திவிட்டார்.

"இனிமே பக்கத்து வூட்டுத் தறிக்கும் நீயே சுத்திக் குடுத்துடலாம், கண்ணு."

மத்தியானத்திலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிறேன். அருமையாக ஓடுகிறது. ஓர் இழைகூட அறவில்லை. அறுந்தால் முடிச்சுப் போடும் சாக்கிலாவது நிறுத்தியிருப்பேன்.

உங்களில் யாராவது ஏதாவது செய்து, அது ஒழுங்காக வேலையும் செய்திருந்தால், வீட்டார் கண்ணில் படாமல் எப்படி ஒளித்தீர்கள் என்று எழுதுங்கள்.