மழைக்கு முன் ஒரு தோல் வாஷர்

ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர். அதிகாலை ரயிலில் ஏறும்போது என் பையில் முக்கியமான சாமான் ஒரு சாண் தோல்தான். ரயில்வேயில் என்னோடு வேலை பார்த்த குபேந்திரன் போனில் கேட்டிருந்தார். அவருடைய பழைய மண்ணெண்ணெய்ப் பம்ப் ஸ்டவ்வில், பம்புக் கம்பியின் நுனியில் மாட்டியிருந்து காற்றைத் தள்ளும் கிண்ணம் போன்ற தோல் வாஷர் கிழிந்துவிட்டதாம். கடைகளில் கிடைக்கவில்லை, வீட்டிலேயே செய்துவிடலாம் என்றார். தோல் ஊர்க்காரன் என்ற மிதப்பில், ஷூ கம்பெனியில் சொல்லி முதல் தரமாக, மெத்தென்று ஒரு துண்டு வாங்கி வந்தேன்.

சென்ட்ரலில் இருந்து வியாசர்பாடிக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"மழைக்கு முன்னாடியே வந்துட்ட சார். அடுத்த மாசம் வந்தா தண்ணில போட்டுலதான் போவணும்" என்றார் டிரைவர்.

குபேந்திரனின் வீடு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரைத்தளம். மகள் சங்கீதா வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். போன மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், சிலிண்டர் வண்டி வரவில்லை, நாலைந்து நாள் ரொட்டியில் ஓட்டியிருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட சம்பந்தியம்மா, பிரசவம் திருவொற்றியூரில் தங்கள் மாடி வீட்டிலேயே நடக்கட்டும், இன்று சாயங்காலமே ஆட்டோ அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். குபேந்திரனுக்கு அது பொறுக்கவில்லை.

"மொதப் பிரசவம் அப்பன் வூட்லதான் மாமு. பச்சப் புள்ளைக்கு வெந்நீ வெக்க அடுப்பு கீதுன்னு காட்டிட்டா, அந்தம்மா இன்னா பேசும்?"

பத்து மணிக்கு உட்கார்ந்தோம். தோலை வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, இரும்புக் குழாய்த் துண்டின் வாயில் வைத்துப் போல்ட்டால் உள்ளே அழுத்தினோம். வெளியே எடுத்ததும் அது ஈரத் துணியாகத் தொங்கியது. காலுக்கு இதமாக இருக்கப் பதப்படுத்திய தோல் கிண்ணமாக நிற்காது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஆம்பூரு தோலு, ஆம்பூரு தோலுன்னு ரெண்டு நாளா பாடிக்கினு இருந்தாரு அண்ணே" என்று சிரித்தார் குபேந்திரனின் மனைவி மல்லிகா.

குபேந்திரன் எழுந்துபோய்த் தன் டூட்டி பெல்ட்டை எடுத்து வந்தார். பழைய கெட்டித் தோல். உட்புறத்தைப் பிளேடால் சுரண்டி மெலிதாக்கி, மறுபடி ஊறவைத்து அழுத்தினோம். இந்த முறை ஃபேன் காற்றில் காயும்வரை குழாயைவிட்டு எடுக்கவில்லை. சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து பார்த்தால் அழகான சின்னக் கிண்ணம். ஓரத்தை நறுக்கி, நடுவில் துளையிட்டு, தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கம்பியில் மாட்டினோம். தலைகீழாக மாட்டினால் காற்று இறங்காது.

காசிமேட்டில் லிட்டர் நூறு ரூபாய்க்கு வாங்கிய கிருஷ்ணாயில் தயாராக இருந்தது. குபேந்திரன் பர்னரைச் சூடாக்கிப் பம்ப் அடித்தார். நீலமாக இரைந்துகொண்டு பற்றியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

"பாரு கண்ணு, எப்டி எரியுது!"

சங்கீதா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள்.

"சூப்பரா எரியுது நைனா. கக்கூஸ்ல தண்ணி ஏறிச்சுன்னா நான் எங்க போவேன்?"

போன மழையில் மேல்மாடிக்காரர்கள் வீட்டு வாசலில்தான் அதற்கும் வரிசையில் நின்றார்களாம், மல்லிகா பிறகு சொன்னார். குபேந்திரன் காற்றுத் திருகைத் தளர்த்தி அடுப்பை அணைத்தார்.

நாலரைக்கு ஆட்டோ வந்தது. மகளோடு மல்லிகா ஏறினார். எண்ணெயை வடித்துவிட்டு, ஸ்டவ்வைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு குபேந்திரனும் ஏறினார்.

"நீ எங்க நைனா? அங்க ரெண்டு சிலிண்டர் கீது" என்றாள் சங்கீதா.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை சாப்பிடவே தகப்பன்மார் ஆயிரம் யோசிப்பார்கள். இரண்டு ராத்திரி தங்கினால் மானம் போனதாகப் பேசுவார்கள். இங்கேயும் அப்படித்தான். கல்யாணம் ஆனதிலிருந்து சம்பந்தி வீட்டில் குபேந்திரன் காபிகூடக் குடித்ததில்லை.

"கெடக்கட்டும்" என்றார் அவர். "புள்ள பொறக்கறவரைக்கும் நானும் அங்கதான். அந்தம்மாகிட்ட ஒரு பாய் போடச் சொல்லு."