நரிக்கு வாங்கிய துவக்கு

போன மாதம் ஒரு துவக்கைக் கையில் தூக்கினேன்.

என் ஆயுளில் முதல் தடவை. நம்புவீர்களா? திருகோணமலையில் பிறந்து, இங்கேயே வளர்ந்து, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் எத்தனை துவக்குகளைப் பார்த்திருப்பாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் பார்த்ததெல்லாம் முன்பக்கத்தை மட்டும்தான். பின்பக்கம் எப்படியிருக்கும், அந்த மரப்பிடியில் கன்னத்தை வைத்தால் சுடுமா, குளிருமா... தெரியாது.

குளிர்ந்தது. மழை நாளில் பள்ளிக்கூட மேசையில் கன்னத்தைச் சாய்த்ததுபோல.

விஷயம் இதுதான். கிளிவெட்டியில் என் அண்ணாவின் மனைவி புவனா இருக்கிறார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணா கட்டாரில். போய்ப் பல வருடமாகிவிட்டது. மச்சாள் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆடு வளர்க்கிறார். பட்டி பெருகி, ஆடுகளாலேயே வீடு ஓடும் என்ற நிலை வந்தால் அண்ணா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாம். இதுதான் அவர்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒவ்வொரு குட்டி பிறக்கும்போதும் மச்சாள் அதைத் தூக்கித் தொலைபேசிக்கு நேரே பிடித்து அண்ணாவுக்குக் காட்டுவார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திட்டன்" என்பார் அண்ணா.

இந்த வருடமும் குட்டிகள் பிறந்தன. பிறந்தவை காணாமலும் போயின. விடியும்போது பட்டியைத் திறந்து மேயவிட்டால், வெயில் ஏறும் நேரம் ஒன்று குறையும். வரம்போரத்தில் கொஞ்சம் இரத்தம், கொஞ்சம் உரோமம். பின்னேரங்களில் குளக்கட்டுப் பக்கமாக ஊளை கேட்கும். யாருடைய வேலை என்று ஊரில் ஒருவரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

நரி.

துவக்கு அனுமதிக்காக மச்சாள் அலைந்த அலைச்சலை எழுத இந்தப் பக்கம் காணாது. அனுமதி கிடைத்த அன்றே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மச்சாள், துவக்கு ஒண்டு எடுக்கோணும். தனியக் கடைக்குள்ள போக ஒரு மாதிரிக் கிடக்கு. நீங்களும் வாறீங்களோ?"

சேலை எடுக்கக் கூப்பிடுவதுபோலக் கேட்டார். நானும் சேலை எடுக்கப் போவதுபோலவே போனேன்.

கடை, நகரத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். நிஸ்தார் நானா என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெண்கள் படியேறி வந்ததைப் பார்த்துவிட்டு, கீழே இருக்கும் துணிக்கடைக்கு வழி காட்டக் கையைத் தூக்கினார். மச்சாள் அனுமதியை எடுத்து மேசையில் வைத்தார். தூக்கிய கை அப்படியே கதிரைகளைக் காட்டியது.

"இரிங்க தங்கச்சி. என்னத்துக்கு, குரங்குக்கா?"

"நரிக்கு."

"கொல்லவா, கலைக்கவா?"

மச்சாள் யோசிக்கவே இல்லை. "கொல்ல."

நானா முதலில் எடுத்து வைத்தது காற்றழுத்தத்தால் சுடும் பெரிய எயார் ரைபிள் ஒன்று. கறுத்த குழல், கனத்த மரம். அழகாகத்தான் இருந்தது. மச்சாள் அதைத் தூக்கினார். போன வருடம் சைக்கிளில் விழுந்து உடைந்த வலது தோள் அவருக்கு. குழல் மெல்ல மெல்லச் சரிந்து, நித்திரை தூங்குகிறவரின் தலைபோல மேசையில் போய்ச் சாய்ந்தது.

"பாரமான துவக்குத்தான் ஆடாது தங்கச்சி. பாரம் குறைஞ்சது கையில துள்ளும்" என்றார் நானா.

"ஆடாத துவக்கை வீட்டில வச்சுப்போட்டுத்தான் நானா நான் வயலுக்குப் போகோணும். ஒரு கையில சைக்கிள், மற்றக் கையில இது. பாரம் குறைஞ்சதாக் காட்டுங்கோ."

அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நானும் ஒன்றைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நானா உள்ளங்கையில் இரண்டு ஈயக் குண்டுகளை வைத்துக் காட்டினார். பெரியது பலமாக அடிக்குமாம். ஆனால் தூரம் போகப்போகத் தாழ்ந்துவிடுமாம். சின்னது நேரே போகுமாம், அடி குறைவாம். பாரம் குறைந்த துவக்குக்குச் சின்னக் குண்டுதான் பொருத்தம் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒண்டு சொல்றன், கோவிக்கப்படாது. இதால நரி சாகாது. நோகும். கலைக்கிறதெண்டா சரி. கொல்லுறதெண்டா இது வேணாம்."

விற்க வேண்டிய மனிதர், வேண்டாம் என்கிறார். மச்சாள் அந்தச் சின்னத் துவக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறந்த குட்டியை அவர் மடியில் வைத்திருப்பதும் அப்படித்தான்.

"நோகட்டும்" என்றார். "எனக்கும் நொந்ததுதானே."

மேலே பூட்டும் ஸ்கோப் என்கிற குழாய்க் கண்ணாடியைப் பார்த்துச் சரிபிழை சொல்லச் சொன்னார் நானா. துவக்கை யன்னலுக்கு வெளியே நீட்டக் கூடாது என்று அதைத் தனியாகக் கழற்றியே தந்தார். மச்சாள் யன்னலடிக்குப் போய் ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணை வைத்தார்.

அவ்வளவுதான். அசையவில்லை.

"என்ன தெரியுது மச்சாள்?"

"கடல் பக்கத்தில வந்திட்டுது..."

பிறகு எனக்குத் தந்தார். துறைமுகத்தை நான் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்? அன்று பார்த்தது வேறு துறைமுகம். சத்தமே இல்லாத, வட்டமான ஒரு துறைமுகம். நங்கூரமிட்ட கப்பலொன்றின் ஓரத்தில் ஒரு மனிதன் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். சாறு முழங்கை வரை வழிய, அதை நக்கிக்கொண்டான். எந்த நாட்டுக்காரனோ. அங்கால், நீல மலைகளுக்குக் கீழே, மூதூர்ப் பக்கத்துக் கரை ஒரு நூல்போல மிதந்தது. ஒரு தோணியில் வலைக்கு மேலேயே ஒருவர் படுத்து உறங்கினார். அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது. என் மூச்சும் அவருடைய மூச்சோடு சேர்ந்துகொண்டது.

யாரையோ இவ்வளவு அமைதியாக, இவ்வளவு நெருங்கிப் பார்க்க வைக்கும் கருவியை மனிதன் எதன் மேலே பூட்டியிருக்கிறான், பாருங்கள்.

துவக்கைப் படுக்கை விரிப்பொன்றில் சுற்றி, கிளிவெட்டி பஸ்ஸில் ஏறினோம். வழியில் பொலிஸ்காரர் ஒருவர் ஏறினார். நீளச் சுருணையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. சில வியர்வைகளுக்கு வயது இருக்கிறது... முப்பது வருடத்துக்கு முந்திய வியர்வை அது. மச்சாள் அனுமதியைக் காட்டினார். அவர் வாசித்துவிட்டு, சிங்களவர் பேசும் உடைந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"நரிக்கா அம்மா?"

"ஓம்."

"எங்கட ஊர்லயும் நரி இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பாலங்களுக்குக் கீழே தண்ணீர் மினுங்கியது. மச்சாள் என் தோளில் தலை சாய்த்து உறங்கிவிட்டார். நான் சுருணையைப் பிடித்துக்கொண்டு, கப்பலில் தோடம்பழம் உரித்தவனுக்கு வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று கனவு கண்டுகொண்டு போனேன்.

வீட்டுப் படலை வாசலில் ஜிம்மி நின்றது. ஜிம்மி, மச்சாளின் நாய். மண்ணிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. கடைசியாக லீவில் வந்தபோது அண்ணா அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். "நான் வருமட்டும் இவன் காவல்" என்று. ஆட்டுப் பட்டியின் வாசலிலேயே படுக்கும். தினமும் அண்ணா தொலைபேசியில் வரும்போது, மச்சாளுக்கு அடுத்து ஜிம்மியைத்தான் கேட்பார்.

இரண்டு நாட்கள் மச்சாள் பழைய தகர டின்னொன்றைக் கட்டி வைத்துச் சுட்டுப் பழகினார். துவக்கு கையில் துள்ளத்தான் செய்தது. ஆனால் டின்னில் ஓட்டைகள் விழுந்தன. அடுத்த நாள் விடியற்காலை, ஆடுகளை வழக்கம்போலத் திறந்துவிட்டு, நானும் அவரும் வைக்கோல் கும்பியொன்றுக்குப் பின்னால் போய் இருந்தோம்.

அறுவடை முடிந்த வயல். பனி முழங்காலளவில் நின்றது. ஆடுகளின் கால்கள் தெரியவில்லை; முதுகுகள் மட்டும் வெள்ளைத் தண்ணீரில் மிதந்து மிதந்து போயின. எங்கோ தண்ணீர் சொட்டியது. பேச வாய் திறந்தால் அந்தக் காலை உடைந்துவிடும்போல இருந்தது.

நரிகள் வந்தன.

இரண்டு. குளக்கட்டிலிருந்து இறங்கி, பனிக்குள் தோய்ந்து எழுந்து, சோடியாக நடந்து வந்தன. நான் நினைத்ததைவிடச் சிறியவை. மச்சாள் துவக்கை வைக்கோலில் ஊன்றிக் கன்னத்தைச் சாய்த்தார். நரிகளில் ஒன்று நின்றது. தலையைச் சரித்துக் காது கொடுத்தது. திடீரென்று நாலு காலிலும் துள்ளி மேலே போய் மூக்கு நிலத்தில் குத்த விழுந்தது. எழும்பியபோது வாயில் ஒரு எலி. மற்றது கிட்டப் போய் அதன் முகத்தை முகர்ந்தது.

"சுடுங்கோ மச்சாள்" என்றேன் மெல்ல. ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

"பொறுங்கோ. ஆட்டுப் பக்கம் திரும்பட்டும்."

திரும்பவில்லை. எலிகளைத் தேடிக்கொண்டே வயலின் அந்தத் தலைப்புக்குப் போய்விட்டன. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. எதையோ பார்த்தன. ஓடி மறைந்தன.

ஊர்ப் பக்கத்திலிருந்து நாய்கள் வந்துகொண்டிருந்தன. நாலைந்து இருக்கும். சத்தமில்லாமல், விரிந்து, வேலை தெரிந்தவர்களைப்போல வந்தன. ஆடுகள் சிதறின. பின்தங்கிய ஒரு குட்டியை முன்னால் வந்த நாய் கழுத்தில் பிடித்தது.

வெறுங்கண்ணுக்கு எனக்கு அது ஒரு மண்ணிற நாய். அவ்வளவுதான். ஸ்கோப்பில் கண் வைத்திருந்த மச்சாளுக்கு அந்தக் கறுப்புக் காது எவ்வளவு கிட்டத் தெரிந்திருக்கும்?

"ஐயோ... என்ர ஜிம்மி" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

சுட்டார்.

ஜிம்மி வீரிட்டுக் குட்டியை விட்டது. மற்ற நாய்கள் கலைந்து ஓடின. ஜிம்மி ஓடவில்லை... ஓடியது, ஆனால் எங்களை நோக்கி. பின்னங்காலை இழுத்துக்கொண்டு, வாயெல்லாம் இரத்தத்தோடு நேரே வந்து, மச்சாளின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்து நடுங்கியது. நொந்தால் எங்கே போவது என்று அதற்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

மச்சாள் துவக்கைக் கீழே வைத்துவிட்டு அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கவும் இல்லை, தடவவும் இல்லை. நான் ஓடிப் போய்க் குட்டியைத் தூக்கினேன். மூச்சு இருந்தது.

மிருக வைத்தியர் குட்டியின் கழுத்துக்குத் தையல் போட்டார். ஜிம்மியின் தொடையிலிருந்து குண்டை எடுத்தார். தோலுக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது. "ருசி கண்ட நாய். இனி ஆட்டோட விடேலாது" என்றார். ஊரில் வேறு யோசனைகளும் சொன்னார்கள். அவற்றை எழுதப் பிடிக்கவில்லை.

பின்னேரம் அண்ணா தொலைபேசியில் வந்தார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"நரி அம்பிட்டுதே?"

"நரி இல்லையப்பா."

"அப்ப?"

மச்சாள் தொலைபேசியைத் திருப்பினார். கட்டுப்போட்ட காலோடு கயிற்றில் கிடந்த ஜிம்மியைக் காட்டினார். அங்கே கட்டாரில், அவருக்குப் பின்னால், ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"நான் விட்ட காவல்" என்றார் அண்ணா. பிறகு, "நல்லா நொந்ததோ அவனுக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் மச்சாள் அழுதார். அதுவரை அழவே இல்லை.

ஊளையிடுகிறது என்பதற்காக ஒரு வருடம் முழுக்க நரியைத் திட்டினோம். ஊளை காதுக்குக் கேட்கிறது. பட்டி வாசலில் படுத்திருப்பவனின் வயிறு கேட்பதில்லை. அந்தச் சோடி நரிக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? அவை ஒன்றும் கேட்கவில்லை என்பது நல்லது.

இப்போது நிலைமை சுமுகம். பட்டியை அகலமாக்கிக் கம்பி வலை அடித்தாயிற்று; மேய்ச்சலும் அதற்குள்தான். தையல் போட்ட குட்டி துள்ளுகிறது. துவக்கு அலுமாரிக்குள். விடியற்காலைகளில் நரிகளைப் பார்க்க மச்சாள் வைக்கோல் கும்பிக்குப் போகிறாராம். வெறுங்கையோடு. அண்ணா இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருக்கிறார்.

ஜிம்மி? அதை யாராவது பொறுப்பெடுக்க வேண்டுமே. நகரத்தில் ஆடு ஏது என்ற துணிச்சலில் நானே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல பிள்ளை. கொடுத்ததைத் தின்னும். பின்னேரங்களில் கடற்கரைத் தெருவில் என்னோடு நொண்டி நொண்டி நடக்கும்.

நம் ஊரில் தெருவெல்லாம் புள்ளிமான்கள் திரியும் என்பதை அந்த நேரம் நான் யோசிக்கவில்லை. நேற்று ஒரு தாய்மான், குட்டியோடு, மதிலோரம் நின்று எங்களைப் பார்த்தது. ஜிம்மியும் பார்த்தது. மிக அன்பாக வாலை ஆட்டியது.

நான் சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.