பஸ் நகருமுன் படம் வரணும்

சுவிட்சைப் போட்டதும் ஒரு பெட்டி ஏன் உடனே விழிப்பதில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்கள் இப்போதே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு: தம்போயில் ஒரு சின்னப் பட்டறையில் நாங்கள் பஸ்களுக்கு ரிவர்ஸ் கேமரா செய்கிறோம். ஓட்டுநர் பார்க்கும் திரைப் பெட்டிக்குள், லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் எழுந்து லினக்ஸை எழுப்பும் நிரலுக்குப் பெயர் பூட்லோடர்.

முதல் புகார்

யோங் பெங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டும் ரத்னம் அண்ணன்தான் முதல் வாடிக்கையாளர். பெட்டியைப் பொருத்திய அடுத்த வாரமே பஸ்ஸோடு வந்து நின்றார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. பஸ் எங்கள் பட்டறையின் சிவப்புக் கேட் வரை பின்னால் போய் நின்ற பிறகு, திரையில் கேட் தெரிந்தது.

"படம் அழகாத்தான் இருக்கு தங்கச்சி. நான் வந்து சேர்ந்த பிறகு அது எதுக்கு?"

யாருக்காகக் காத்திருக்கிறது?

அத்தனை நேரம் உள்ளே என்னதான் நடக்கிறது? பெட்டியை லேப்டாப்பில் இணைத்து, அது எழுதும் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பூட்லோடர் எழுந்ததும் சில வினாடி சும்மா நிற்கிறது, யாராவது கீபோர்டில் ஒரு கீயைத் தட்டி நிறுத்துவார்களோ என்று. பிறகு யூஎஸ்பியைத் தேடுகிறது, நெட்வொர்க்கைத் தேடுகிறது. பஸ்ஸில் இதெல்லாம் ஏது? எல்லாவற்றையும் வெட்டினேன். படம் சீக்கிரம் வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் புது லினக்ஸ் ஒன்றை ஏற்றினேன். அது கிளம்பவில்லை. நடுவில் நிறுத்திப் பழையதை ஏற்றலாம் என்றால், நிறுத்துவதற்கான நேரத்தைத்தான் வெட்டியாயிற்றே. பெட்டியைப் பிரித்து மெமரி கார்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகு உள்ளே ஒரு பொத்தான் வைத்தோம். அதை அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால் மட்டும் பூட்லோடர் நிற்கும். வயரிங் பார்க்கும் காதர் அதைப் பொருத்திக்கொண்டே சொன்னான்:

"கதவப் பூட்டிட்டு சாவிய உள்ளயே வெச்சுட்ட லா."

காலி முற்றம்

லினக்ஸ் எழும்வரை பூட்லோடரே திரையில் ஒரு படம் காட்டலாம். கறுப்பாக இருப்பதற்கு அது மேல் என்று நினைத்தோம். சோதித்துப் பார்க்க, எங்கள் பட்டறை முற்றத்தைக் கேமராவே எடுத்த படத்தைக் காதர் போட்டான். அதை எடுக்க மறந்துவிட்டோம்; அந்தப் படத்தோடேயே பெட்டி ரத்னம் அண்ணனிடம் போய்விட்டது.

மறுநாள் அவர் போன் செய்தார். ரிவர்ஸ் போட்டதுமே திரையில் காலி முற்றம். பஸ்ஸை நகர்த்தியவருக்கு ஒரு சந்தேகம்: நம்ம தொழிற்சாலையில் சிவப்புக் கேட் ஏது? பிரேக்கை மிதித்து இறங்கிப் போய்ப் பார்த்தால், பஸ்ஸை ஒட்டி ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாளாம்.

"கறுப்பா இருந்தா இறங்கிப் பார்ப்பேன். காலின்னு காட்டினா எப்படி இறங்குவேன் தங்கச்சி?"

நடுவில் ஒருவர்

அன்றே போய்ப் படத்தை நீக்கினேன். காத்திருப்பை மறைப்பதை விட்டு, அதையே குறைக்க முடியுமா என்று பார்த்தேன். பூட்லோடரில் இரண்டு பகுதி. சின்னது பெரியதை எழுப்புகிறது, பெரியது லினக்ஸை எழுப்புகிறது. சின்னதே நேராக லினக்ஸை எழுப்பினால் என்ன? அப்படியே அமைத்தேன், பொத்தானை அழுத்தினால் மட்டும் பெரியது வரும். லினக்ஸிலும் கேமராவையே முதல் வேலையாக வைத்தேன். கியர் ரிவர்ஸில் விழும்போது உண்மையான படம் வந்துவிட்டது.

ஒரு மழைநாள் ரத்னம் அண்ணன் வந்தார். அன்று காலை ரிவர்ஸ் போட்டதும் திரையில் ஒரு முதுகு தெரிந்ததாம். கீழே விழுந்த சாப்பாட்டு டப்பாவை ஒரு பெண் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ் அசையவில்லை. "அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னும் சொல்லல. அதுக்குத் தெரியவே தெரியாது. டப்பாவோட ஏறி, பின் சீட்ல தூங்கிடுச்சு."

பாராட்டை எதிர்பார்ப்பவர்கள் தயவுசெய்து இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். எல்லாம் சரியாக நடந்தால், நீங்கள் எதையுமே செய்யாத மாதிரிதான் இருக்கும்.